கொல்லையில் பட்டறைச் சிட்டம், வயலில் சாக்கடை கலந்த வாய்க்கால் தண்ணீர்: எதைப் பரிசோதிப்பது, எதைத் தவிர்ப்பது?

கொல்லைக்கீரை (கேள்வி)

வணக்கம். கும்பகோணத்தில் 3 சென்ட் கொல்லை. பக்கத்து மனையில் பித்தளைப் பாத்திரம் வார்த்து ஈயம் பூசும் பட்டறை இருந்தது. இடித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மதில் ஓரம் மண்வெட்டி போட்டால் அரை அடியிலேயே உலோகம் உருக்கிய கசடான கறுப்புச் சிட்டமும் பச்சை பூத்த உலோகத் துணுக்குகளும் வருகின்றன. அதே மண்ணில் இப்போது முளைக்கீரை, தண்டுக்கீரை, கத்தரி, ஒரு முருங்கை. ஆறு நாட்டுக்கோழிகள் மேய்கின்றன. வீட்டில் இரண்டரை வயதுக் குழந்தை, பாதி நாள் மண்ணில்தான் விளையாட்டு.

ஊருக்குக் கிழக்கே ஒன்றரை ஏக்கர் நெல்லும் உண்டு. குறுவை, தாளடி, அதன்பின் உளுந்து. பாயும் வாய்க்காலில் ஊர்ச் சாக்கடை கலக்கிறது. சாப்பாட்டுக்கு அந்த நெல்தான்.

மண்வள அட்டையில் எல்லாம் சரி என்று இருக்கிறது, பி.எச். 7.9. ஆனால் காரீயம் (லெட்), காட்மியம் பற்றி அதில் ஒரு வரி இல்லை. எதைப் பரிசோதிக்க வேண்டும், மண்ணிலிருந்து இவை உடம்புக்குள் எப்படிப் போகின்றன, கீரை சாப்பிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வண்டல்திட்டு

மண்வள அட்டை பயிருக்காகப் போடப்பட்டது. அதில் இருப்பவை 12 அளவுகள்: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீஸ், போரான், பி.எச்., உப்பு நிலை, கரிமம். காரீயம், காட்மியம், ஆர்சனிக், குரோமியம் எதையும் அதில் பார்ப்பதில்லை. அட்டையில் "சரி" என்றால் பயிர் விளையும் என்று பொருள், அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் கொல்லையின் ஆபத்தும் வயலின் ஆபத்தும் வேறு வேறு. மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எந்த வழியாக வாய்க்குப் போகிறது என்பதுதான் முக்கியம், அந்த வழி உலோகத்துக்கு உலோகம் மாறும்.

கொல்லையில் முதல் சந்தேகம் காரீயம். வார்ப்புப் பித்தளையில் கடைசல் எளிதாக வரக் காரீயம் சேர்ப்பது வழக்கம். ஈயம் பூசும் இடத்தில் வெள்ளீயத்தோடு (டின்) காரீயம் கலந்திருக்கவும் வாய்ப்புண்டு. அடுத்தது தாமிரமும் துத்தநாகமும். இவை இரண்டும் அளவு மீறினால் செடி முதலில் வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். காரீயம் அப்படிக் காட்டாது, 500 பிபிஎம் (கிலோ மண்ணில் 500 மில்லிகிராம்) உள்ள மண்ணிலும் கீரை செழிப்பாக வரும். துத்தநாகத் தாதுவோடு ஒட்டிவரும் உலோகம் காட்மியம் என்பதால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

காரீயம் களிமண்ணையும் மட்கையும் இறுகப் பிடித்துக்கொள்ளும், உங்கள் பி.எச். அளவில் இன்னும் இறுக. வேர் வழியாக மேலே ஏறுவது குறைவு. பெரும்பகுதி போவது தூசியாக: விரலில் ஒட்டிய மண், கீரையின் அடித்தண்டில் மழை தெறித்து ஒட்டிய மண், செருப்போடு கூடத்துக்கு வரும் மண். கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்னக் குழந்தை ஒரு நாளில் தன்னையறியாமல் விழுங்கும் மண்ணும் தூசியும் சுமார் 100 மில்லிகிராம் என்று எடுத்துக்கொள்வார்கள். மண்ணில் 500 பிபிஎம் காரீயம் இருந்தால் அது 50 மைக்ரோகிராம். உணவு வழியாகக் குழந்தைக்கு ஒரு நாளில் போகும் காரீயத்துக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022இல் வைத்த எச்சரிக்கை அளவு 2.2 மைக்ரோகிராம். ஆகவே கீரைக்கு முன்னால் குழந்தையின் கையைப் பற்றி யோசியுங்கள்.

மாதிரி எடுப்பது. கொல்லையை மூன்றாகப் பிரியுங்கள்: மதில் ஓரப் பட்டை, பாத்தி, குழந்தை விளையாடும் இடம். மூன்றையும் ஒன்றாகக் கலந்தால் முடிவு பயன்படாது. மதிலோரம் 900, பாத்தியில் 90 என்று இருந்தால் சராசரி இரண்டையும் மறைத்துவிடும். பாத்தியிலும் மதில் ஓரத்திலும் 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில 'வி' எழுத்து வடிவில் வெட்டி, குழியின் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழ் வரை ஒரே தடிமனில் சீவி எடுங்கள். விளையாடும் இடத்தில் மேல் ஒரு அங்குலம் மட்டும் போதும். ஒவ்வொரு பகுதியிலும் எட்டுப் பத்து இடம். பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கலந்து, பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பாகத்தைத் தள்ளி, அரை கிலோ வரும்வரை குறையுங்கள். நிழலில் உலர்த்துங்கள். தகர வாளி வேண்டாம், அதன் துத்தநாகப் பூச்சு மண்ணில் சேரும். உரச்சாக்கின் மேல் உலர்த்தவே கூடாது. கண்ணில் படும் சிட்டக் கட்டியைப் பொறுக்கித் தனிப் பையில் போட்டு அதையும் அனுப்புங்கள். அது மாதிரிக்குள் தவறி விழுந்தால் எண் எகிறும்.

ஆய்வகத்தில் "கன உலோகம் பார்க்க வேண்டும்" என்று மட்டும் சொன்னால் போதாது. என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள இடமாகப் பார்த்து, ராஜ திராவகத்தில் (கடும் அமிலக் கலவை) கரைத்து மொத்தக் காரீயம், காட்மியம், ஆர்சனிக், தாமிரம், துத்தநாகம், குரோமியம் என்று எழுதிக் கொடுங்கள். காட்மியத்துக்கு, மிகச் சிறு அளவையும் பிடிக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் கேளுங்கள். சுடர் முறையிலான ஏஏஎஸ் கருவி 1 பிபிஎம்முக்குக் கீழ் தடுமாறும். காட்மியத்தில் கவனிக்க வேண்டிய அளவே அங்குதான் தொடங்குகிறது. "கண்டறியப்படவில்லை" என்று வந்தால், எந்த அளவு வரை கண்டறியும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எண் வந்த பிறகு காரீயத்துக்கு இப்படிப் பாருங்கள். சாதாரண மண்ணில் 10 முதல் 50 பிபிஎம். கலிபோர்னியா குடியிருப்பு மண்ணுக்கு வைத்த எச்சரிக்கை அளவு 80. குழந்தைகள் விளையாடும் மண்ணுக்கு அமெரிக்காவில் நெடுநாள் 400 என்று இருந்தது, 2024இல் வீட்டு மண்ணுக்கான அளவை 200 ஆகக் குறைத்தார்கள். இந்தியாவில் மண்ணுக்கு 250 முதல் 500 என்று ஓர் எல்லை ஆய்வுகளில் அதிகம் எடுத்தாளப்படுகிறது, ஆனால் அது பயிர் மண்ணை மனதில் வைத்த எண். குழந்தை இருக்கும் வீட்டில் அதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். 80க்குக் கீழே என்றால் நிம்மதியாகப் பயிர் செய்யலாம். 200ஐத் தாண்டினால் அந்த மண்ணில் கீரையும் கிழங்கும் வேண்டாம். 400க்கு மேல் என்றால் அந்த மண் கண்ணில் படாதபடி மூட வேண்டும்.

பசுந்தாள்

சூரியகாந்தியும் கடுகும் மண்ணில் உள்ள உலோகத்தை உறிஞ்சிவிடும் என்று படித்திருக்கிறேன். இரண்டு போகம் சூரியகாந்தி போட்டு, கூடவே பஞ்சகவ்யமும் மண்புழு உரமும் கொடுத்தால் மண் சுத்தமாகிவிடாதா? வெட்டிவேரும் நல்லது என்கிறார்கள்.

வண்டல்திட்டு

ஆகாது. ஒரு சென்ட்டில் 15 செ.மீ. ஆழத்து மண் சுமார் 9 டன். 400 பிபிஎம் என்றால் அதில் 3.6 கிலோ காரீயம். ஒரு சென்ட்டில் சூரியகாந்தி காய்ந்த எடையில் 40 கிலோ வருகிறது, அதில் 50 பிபிஎம் ஏறியிருக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஒரு போகத்தில் வெளியேறுவது 2 கிராம். 1,800 போகம் வேண்டும். அதோடு அந்தத் தட்டையை எரிக்கவும் முடியாது, மட்க வைக்கவும் முடியாது.

மட்கு உரத்தின் வேலை வேறு. அது உலோகத்தை நீக்காது, பிடித்து வைக்கும். அந்த அளவில் நல்லதுதான், ஆனால் எந்த மட்கு என்று பாருங்கள். நகரக் குப்பையில் செய்யும் கம்போஸ்ட்டுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை வைத்த உச்சவரம்பு கிலோவுக்குக் காரீயம் 100 மி.கி., காட்மியம் 5 மி.கி. பரிசோதனைச் சீட்டு இல்லாத குப்பை உரத்தைக் காய்கறிப் பாத்திக்குள் விடாதீர்கள். அடுப்புச் சாம்பலும் அப்படியே. பெயின்ட் அடித்த பழைய கதவு, ஜன்னல் சட்டம், ஒயர், பிளாஸ்டிக் எரிந்த சாம்பல் என்றால் பாத்தியில் காரீயத்தை நேராகத் தூவுவது போல. வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய மரம் எல்லாம் சந்தேகத்துக்கு உரியது.

சுண்ணாம்பு போடச் சொல்லியும் யாராவது வருவார்கள். அது புளிப்பு மண்ணுக்கான வைத்தியம். 7.9 உள்ள டெல்டாக் களிமண்ணுக்குத் தேவையே இல்லை, துத்தநாகமும் இரும்பும் பயிருக்குக் கிடைக்காமல் போகும்.

மேட்டுப்பாத்தி

கொல்லையில் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். சிட்டம் கண்ணில் படுகிறது என்பதே போதுமான காரணம்.

இன்றே: குழந்தையை மதில் பக்கம் விடாதீர்கள். விளையாட வேறு மண் வேண்டும், ஊருக்கு வெளியிலிருந்து வந்த ஆற்றுமணலை ஒரு தொட்டியில் போட்டுக் கொடுங்கள். சாப்பிடும் முன்னும் தூங்கும் முன்னும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். கைச் சுத்திகரிப்பு ஜெல் கிருமிக்குத்தான், உலோகத் தூசியை அது நீக்காது. கொல்லைச் செருப்பு நிலைப்படிக்கு வெளியே நிற்கட்டும். கூடத்தை விளக்குமாற்றால் பெருக்குவதை நிறுத்தி ஈரத்துணியால் துடையுங்கள், பெருக்கினால் தூசி எழும்பி மறுபடி பாயிலும் பொம்மையிலும் படியும்.

கோழிகளைச் சுத்தமான தரையில் வலை கட்டி அடையுங்கள். கோழி கொத்தும்போது தீனியோடு மண்ணும் போகிறது, காரீயம் மஞ்சள் கருவில் சேர்கிறது. மண் முடிவு வரும்வரை குழந்தைக்கு அந்த முட்டை வேண்டாம். இதைப் பலரும் கவனிப்பதில்லை.

சிட்டம் எடுக்கும்போது மண்ணை நனைத்துவிட்டு எடுங்கள். மூக்குக் கவசம், கையுறை. இரட்டைப் பையில் கட்டி மழை படாமல் வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு ஒப்படையுங்கள். வாய்க்காலிலோ குப்பைமேட்டிலோ கொட்டினால் அது இன்னொரு வீட்டுப் பிள்ளையின் கைக்குப் போகும்.

கீரைக்கு மேட்டுப்பாத்தி. 10 அடிக்கு 3 அடி, உயரம் ஒரு அடி, ஓரத்துக்குச் செங்கல். பழைய பெயின்ட் பலகை கூடாது. அடியில் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரியுங்கள். பாலித்தீன் விரித்தால் ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். துணி இருந்தால் நாளைக்கு மண்வெட்டி அதில் தட்டும்போது கீழ்மண் தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியும். அளவு 30 கன அடி: இரண்டு பங்கு சுத்தமான மண், ஒரு பங்கு மட்கிய சாணி உரம். வருடா வருடம் இரண்டு மூன்று அங்குலம் இறங்கும், மேலே நிரப்புங்கள். சுற்றிலும் தரையில் வைக்கோல் மூடாக்கு, தெறிப்பு குறையும்.

மதில் ஓரத்தை அருகம்புல்லால் மூடலாம், 15 செ.மீ. நல்ல மண் போட்ட பிறகு. 400ஐத் தாண்டிய இடத்தில் சிமென்ட் தளமே மேல்.

இப்போதிருக்கும் பாத்தியில் கத்தரி, வெண்டை, அவரை, புடலை, மிளகாய், முருங்கைக்காய் இவற்றால் பெரிய பயமில்லை. காய்க்குள் காரீயம் ஏறுவது மிகக் குறைவு, நன்றாகக் கழுவினால் போதும். கீரை வகைதான் சிக்கல், அதிலும் முளைக்கீரைக் குடும்பம் காட்மியத்தை இழுத்து இலையில் சேர்க்கும் குணம் உள்ளது. காரீயத்தைக் கழுவிக் குறைக்கலாம், இலைக்குள் ஏறிவிட்ட காட்மியம் எத்தனை தண்ணீர் மாற்றினாலும் போகாது. முள்ளங்கி, சேப்பங்கிழங்கு, மஞ்சள் இவற்றையும் அந்த மண்ணில் வைக்காதீர்கள்.

வாய்மடை

வயலுக்கு வருகிறேன். வீட்டுச் சாக்கடை மட்டும் என்றால் முதல் பிரச்சினை கிருமியும் கொக்கிப்புழுவும். வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறவர்களுக்கு அது உடனடி ஆபத்து. உலோகம் அதிகம் வருவது பட்டறைக் கழிவால்தான்: முலாம் பூசும் கடை, பேட்டரி பழுது பார்க்கும் இடம், சாயம், நகைப் பட்டறை. "கேடிஎம்" நகை என்று ஊரெல்லாம் சொல்வது காட்மியத்தைத்தான், தங்கத்தைப் பற்றவைக்கும் பொடியில் அது கலந்திருக்கும். அப்படிப்பட்ட தெருக்களின் சாக்கடை உங்கள் வாய்க்காலில் சேர்கிறதா என்று ஒரு நாள் கரையோடு நடந்து பாருங்கள். அது ஆய்வகச் செலவில் பாதியைக் குறைக்கும்.

மண் மாதிரியை இங்கே வேறு விதமாக எடுக்க வேண்டும். தண்ணீரோடு வரும் வண்டலும் உலோகமும் வாய்மடை (வயலுக்குத் தண்ணீர் நுழையும் இடம்) அருகிலேயே பெரும்பாலும் படிந்துவிடும். வாய்மடை மூலை, நடுவயல், வடிகால் பக்கம் மூன்றையும் தனித்தனியாக எடுங்கள். வாய்மடையில் மட்டும் எண் ஏறி மற்ற இரண்டில் சாதாரணமாக இருந்தால், வரும் தண்ணீர்தான் காரணம் என்று உறுதி. அப்போது வாய்மடைக்கு உள்ளே ஒரு படிவுக் குழி வெட்டி, தண்ணீர் அதில் நின்று வழிந்து வயலுக்குப் போகும்படி செய்யுங்கள். ஒவ்வொரு போகத்துக்கு முன்னும் அந்தச் சேற்றை அள்ளுங்கள், ஆனால் வரப்பில் போடாதீர்கள். தண்ணீருக்கு அடியில் கந்தகத்தோடு கட்டுண்டு கிடந்த காட்மியம், சேறு காற்றுப் பட்டு உலர்ந்ததும் விடுபடும். தூர்வாரிய சேற்றைக் கரையில் பரப்பி அதில் கீரையும் பயறும் விதைப்பது இதனால்தான் தவறு.

மண்ணைவிட அரிசியைப் பரிசோதிப்பது உங்களுக்கு நேரடியான பதில். குறுவை அரிசி ஒரு கிலோ, தாளடி அரிசி ஒரு கிலோ, நீங்கள் சாப்பிடும் அளவுக்குத் தீட்டியது. காட்மியமும் மொத்த ஆர்சனிக்கும் பாருங்கள். தீட்டிய அரிசிக்குச் சர்வதேச உணவுத் தர எல்லை காட்மியம் கிலோவுக்கு 0.4 மி.கி., நச்சு கூடிய வகையான கனிம ஆர்சனிக் 0.2 மி.கி. மொத்த ஆர்சனிக்கே 0.2க்குக் கீழ் இருந்தால் கனிமப் பகுதியைப் பிரித்துப் பார்க்கும் செலவு தேவையில்லை.

அந்த 0.4ஐ நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு 2010இல் வைத்த காட்மிய வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 50. நம் வீடுகளில் மூன்று வேளையும் இட்லி, சோறு, தோசை என்று 400 கிராம் அரிசி உள்ளே போகும். 0.4 மி.கி. உள்ள அரிசியில் அது 160 மைக்ரோகிராம், வரம்பைப் போல மூன்று மடங்குக்கு மேல். ஐரோப்பிய ஒன்றியம் அரிசிக்கு 0.15 என்று வைத்திருக்கிறது. அரிசியே முழு உணவு என்கிற வீட்டுக்கு 0.1க்குள் இருப்பதுதான் ஆறுதல்.

இனி தண்ணீர் கட்டுவது. காட்மியமும் ஆர்சனிக்கும் இதில் நேர் எதிர். வயலில் தண்ணீர் நின்றால் காட்மியம் அடங்கும், ஆர்சனிக் அவிழும். காற்று இல்லாத சேற்றில் இரும்புத் துரு கரையும்போது அதைப் பிடித்திருந்த ஆர்சனிக்கும் கரைந்து, நெல் சிலிக்காவை இழுக்கும் அதே வழியில் பயிருக்குள் போகிறது. வயல் காய்ந்தால் ஆர்சனிக் அடங்கும், காட்மியம் அவிழும். ஆகவே அரிசியில் எது கூடுதல் என்று தெரியாமல் காய்ச்சலும் பாய்ச்சலுமா (காயவிட்டுப் பாய்ச்சுவது), கட்டுத் தண்ணீரா என்று முடிவு செய்யக் கூடாது.

காட்மியம் என்றால் ஜப்பானில் கடைப்பிடிக்கும் முறை: கதிர் வெளிவருவதற்கு 3 வாரம் முன்பிருந்து 3 வாரம் பின்பு வரை வயல் வெடிக்கவே கூடாது, 2 முதல் 3 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். 110 நாள் ஆடுதுறை 43 ரகத்துக்குக் கணக்குப் போட்டால் விதைத்த 60ஆம் நாளிலிருந்து 100ஆம் நாள் வரை. அறுவடைக்குப் பத்து நாள் முன்பு வடிப்பது வழக்கம்தானே, அதற்கு இது இடிக்காது. முன்னதாகவே வடித்துவிடுவதுதான் கெடுதல். தாளடிக்குக் கதிர் பருவம் வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்திப் போகலாம், குறுவையில் முறைப்பாசனத்தால் இடைவெளி விழலாம். இரண்டிலும் அந்த நாற்பது நாளுக்கு மட்டும் தண்ணீரைச் சேமித்து வைத்துக் கொடுங்கள். குறுவை அரிசியில் எண் கூடுதலாகவும் தாளடியில் குறைவாகவும் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

ஆர்சனிக் என்றால் காய்ச்சலும் பாய்ச்சலும். துளையிட்ட பிவிசி குழாய், 30 செ.மீ. நீளம், 10 முதல் 15 செ.மீ. விட்டம், பாதி மண்ணுக்குள். உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் மறுபடி 5 செ.மீ. பாய்ச்சுங்கள். பூக்கும் ஒரு வாரம் மட்டும் காய விடக் கூடாது, பதர் விழும்.

துத்தநாகம் குறைந்த மண்ணில் நெல் காட்மியத்தைக் கூடுதலாக இழுக்கும், டெல்டாவில் துத்தநாகக் குறை பரவலாக உண்டு. ஏக்கருக்கு ஜிங்க் சல்பேட் 10 கிலோவை 20 கிலோ மணலோடு கலந்து நடவுக்குச் சற்று முன் மேலாகத் தூவுங்கள். டிஏபியோடோ சூப்பரோடோ கலக்கக் கூடாது, மணிச்சத்தோடு சேர்ந்து கரையாமல் போகும். மூட்டையில் உற்பத்தியாளர், தொகுதி எண் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். உலோகக் கழிவிலிருந்து செய்யும் தரமற்ற ஜிங்க் சல்பேட்டில் காட்மியமே வரும். உரக் கட்டுப்பாட்டு ஆணையில் அதற்கான வரம்பு 0.0025 சதவீதம்.

கடைமடைக்காரர்கள் இதைப் படித்தால் ஒரு குறிப்பு: உப்பு மண்ணில் குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து அதைப் பயிருக்கு எளிதாக்கும். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்பேறிய வயலில் அதே அளவு காட்மியம் கூடுதல் தீங்கு செய்யும். அங்கே சாம்பல் சத்துக்குச் சாதாரண பொட்டாஷுக்குப் பதில் சல்பேட் ஆப் பொட்டாஷ் நல்லது, விலை கூடுதல் என்றாலும்.

உளுந்தையும் ஒரு மாதிரி கொடுத்துப் பாருங்கள். அது வளரும்போது மண் காய்ந்துதான் இருக்கும்.

கொல்லைக்கீரை

மிகவும் நன்றி. குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை அவசியமா? எந்தப் பரிசோதனை என்று கேட்க வேண்டும்? வீட்டில் பழைய ஈயச்செம்பு ஒன்று ரசத்துக்குப் பயன்படுகிறது, அதையும் கேட்கிறேன்.

நாடித்துடிப்பு

அவசியம். இரண்டரை வயது என்பது கை வாய்க்குப் போகும் வயது, மூளை வளரும் வயது. பெரியவர்கள் குடலில் விழுங்கிய காரீயத்தில் பத்தில் ஒரு பங்குதான் உடலில் சேரும், குழந்தைகளுக்குப் பாதிவரை சேரும். வெளியே அறிகுறி தெரிவதற்குள் கற்கும் திறனும் கவனமும் குறைந்துவிடும், அதனால் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம்.

கேட்க வேண்டியது: சிரை ரத்தத்தில் காரீய அளவு. விரலில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியே முடிவைக் கூட்டிவிடும். முடி, சிறுநீர் பரிசோதனை காரீயத்துக்குப் பயன்படாது. கூடவே ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடலின் இரும்பு இருப்பு) பாருங்கள். இரும்புச்சத்து குறைந்த குடல் காரீயத்தையும் காட்மியத்தையும் இரும்பென்று எடுத்துக்கொள்ளும், இரும்பு போகும் அதே வாசல் வழியாகத்தான் காட்மியமும் போகிறது. ரத்தசோகை உள்ள பெண்களுக்குக் காட்மியம் கூடுதலாகச் சேர்வது இதனால்.

முடிவு டெசிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று வரும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. அமெரிக்காவில் 2021 முதல் 3.5ஐக் கவன எல்லையாக வைத்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 5 அல்லது அதற்கு மேல் என்றால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது. 45ஐத் தொட்டால் மருத்துவமனையில் உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து. அதற்குக் கீழே மருந்தே மூலத்தை நிறுத்துவதுதான். ரத்தத்தில் காரீயத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ ஒரு மாதம், ஆகவே மண்ணை மூடிய பின் ஒன்று முதல் மூன்று மாதத்தில் மறுபடி பார்த்தால் குறைவது தெரியும். எலும்பில் போய்விட்டது பல ஆண்டுகள் தங்கும், பிற்காலத்தில் கர்ப்பத்திலும் தாய்ப்பால் காலத்திலும் திரும்ப ரத்தத்துக்கு வரும். வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் அவருக்கும் பாருங்கள்.

வெறும் வயிற்றில் காரீயம் கூடுதலாகச் சேரும். காலையில் கொல்லைக்கு விடும் முன் குழந்தைக்கு ஏதாவது கொடுத்துவிடுங்கள். கேழ்வரகுக் கூழ், தயிர், நெல்லிக்காய், கொய்யா, சுத்தமான இடத்து முருங்கைக்கீரை நல்லது. நச்சு நீக்கும் மருந்து என்று வீட்டில் எதையும் கொடுக்காதீர்கள். உலோகம் சேர்ந்த செந்தூரம், பற்பம் ஏதாவது குழந்தைக்குக் கொடுத்து வந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வயல் அரிசியில் காட்மியம் கூடுதலாக வந்தால் பெரியவர்களுக்குச் சிறுநீரில் காட்மியமும் கிரியேட்டினினும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிராம் கிரியேட்டினினுக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டினால் சிறுநீரக நுண்குழாய் பாதிக்கத் தொடங்கும், அந்தப் பாதிப்பைக் காட்டும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் அளவும் கேளுங்கள். காட்மியம் சிறுநீரகத்தில் 10 முதல் 30 வருடம் தங்கும், வெளியேற்ற நல்ல மருந்து இல்லை. ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசனத்தில் நெல் உண்ட மக்களுக்கு எலும்பு முறிந்து வலியால் துடித்த இத்தாய்-இத்தாய் நோயை 1968இல் காட்மியத்தால் வந்தது என்று அரசே ஒப்புக்கொண்டது. சுரங்கக் கழிவு ஆற்றில் கலந்து வயலுக்குப் பாய்ந்ததுதான் அங்கே வழி. பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு உடல் சுமை இரட்டிப்பு, புகையிலையும் காட்மியத்தை இழுக்கும் செடி.

ஆர்சனிக்குக்குச் சிறுநீர் பார்ப்பதானால் நான்கு நாள் முன்பிருந்து மீன், இறால், நண்டு சாப்பிடக் கூடாது. கடல் உணவில் உள்ள தீங்கற்ற ஆர்சனிக்கும் கணக்கில் சேர்ந்து பயமுறுத்தும். உள்ளங்கை, உள்ளங்காலில் மருப்போல் தடிப்பு, மார்பில் மழைத்துளி தெறித்தது போன்ற கறுப்புப் புள்ளி இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஈயச்செம்பு வெள்ளீயத்தில் செய்தால் பயமில்லை. நம் மொழியில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகத்துக்கும் வருவதுதான் குழப்பம். காரீயம் கலந்திருந்தால் புளியும் தக்காளியும் அதைக் கரைத்து ரசத்துக்குள் விடும். வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தால் காரீயம் பென்சில் போலச் சாம்பல் கோடு போடும், ஆனால் கோடு விழாததால் காரீயம் இல்லை என்று ஆகாது. உலோகக் கலவையைக் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் பார்க்கும்வரை குழந்தைக்கு அந்த ரசம் வேண்டாம்.

வாய்மடை

சமையலில் ஒன்று விட்டுப்போனது. ஆர்சனிக் கூடுதலாக வந்தால் குக்கரை விட்டுவிட்டு வடித்த சோற்றுக்கு மாறுங்கள். ஒரு பங்கு அரிசிக்கு ஆறு பங்கு தண்ணீர், கஞ்சியை வடித்துக் கொட்ட வேண்டும், குடிக்கவோ மாட்டுக்கு வைக்கவோ கூடாது. கனிம ஆர்சனிக் ஏறத்தாழப் பாதி போகும். தண்ணீரே ஆர்சனிக் உள்ளதாக இருந்தால் இது பலிக்காது, குடிநீரில் லிட்டருக்கு 0.01 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது. காட்மியம் வடிப்பதால் அவ்வளவாகக் குறையாது, அதற்கு வயலில்தான் வழி. வைக்கோலிலும் மணியைவிட ஆர்சனிக் கூடுதலாகத் தங்கும், கறவை மாடு இருந்தால் அதையும் கவனியுங்கள்.

பசுந்தாள்

சூரியகாந்திக் கணக்குக்கு நன்றி, புரிந்தது. மேட்டுப்பாத்தி நிரப்ப ஏரி, குளத்து வண்டல் மண் இலவசமாக எடுக்க அனுமதி தருகிறார்களே, அது சரியா?

மேட்டுப்பாத்தி

குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மேலே ஊரோ பட்டறையோ இல்லாமல் ஆற்று வாய்க்காலும் மழைநீரும் மட்டும் வரும் கிராமத்துக் குளம் என்றால் எடுக்கலாம். ஊர்ச் சாக்கடை இறங்கும் குளத்து வண்டல் கறுப்பாக, வழவழவென்று, பார்க்க வளமாகத்தான் இருக்கும். அடியில் படிந்த களிதான் உலோகத்தை அதிகம் பிடிக்கும், ஆகவே அதைக் கீரைப் பாத்திக்குக் கொண்டுவராதீர்கள். வார்ப்படத்துக்குப் பயன்படுத்திக் கழித்த வண்டலும் அப்படியே, சுவாமிமலைப் பக்கம் யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எந்த மண்ணானாலும் டிராக்டரில் ஏற்றும் முன் அரை கிலோ எடுத்து, கொல்லை மாதிரிகளோடு இன்னொரு பையாக அனுப்புங்கள்.